இட்லி மாவில் நாலுக்கு ஒன்று, ரேஷன் கடையில் இருபதுக்கு ஒன்று

ஐ.சி.எம்.ஆரின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது. மொத்தம் 17 வழிகாட்டுதல்கள். செய்தியில் அடிபட்டதோ முக்கியமாக இரண்டுதான். "புரோட்டீன் பவுடர் வேண்டாம்" என்பது ஒன்று. "சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி குடிக்காதீர்கள்" என்பது இன்னொன்று. வாட்ஸ்அப்பிலும் இந்த இரண்டுதான் சுற்றியது. ஜிம் போகும் நண்பர்கள் முதலாவதற்குக் கோபித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் இரண்டாவதற்கு.

முழு ஆவணத்தையும் படித்தபோது எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த இரண்டும் இல்லை. உள்ளே ஒரு தட்டுக் கணக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் ஆளுக்கு, சமைக்காத எடையில், இவ்வளவு:

– தானியம் (சிறுதானியமும் சேர்த்து) 250 கிராம்
– பருப்பு, பயறு 85 கிராம் (முட்டை, மீன், கறி சாப்பிடுகிறவர்கள் இதில் ஒரு பங்கை அவற்றால் ஈடுகட்டலாம்)
– காய்கறி, கீரை 400 கிராம்
– பழம் 100 கிராம்
– பால் அல்லது தயிர் 300 மில்லி
– கடலை, பருப்புக் கொட்டை, விதை 35 கிராம்
– எண்ணெய், நெய் 27 கிராம்

மொத்தச் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது வழிகாட்டி. இப்போது நாட்டில் அது 50 முதல் 70 சதவீதம் வரை இருப்பதாகவும் அதுவே சொல்கிறது.

இந்தப் பட்டியலில் இரண்டே எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: 250, 85. அதாவது மூன்றுக்கு ஒன்று. புரதம் பற்றி இன்று நடக்கிற விளம்பரம், பயமுறுத்தல், ரீல்ஸ் சண்டை எல்லாமே "எதைக் கூடுதலாகச் சேர்ப்பது" என்று கேட்கின்றன. நம் ஊர்ச் சாப்பாட்டைப் பொறுத்தவரை சரியான கேள்வி "அரிசிக்கும் பருப்புக்கும் என்ன விகிதம்" என்பது. வழிகாட்டி சரியான விகிதத்தைத் தருகிறது. அந்த விகிதம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் அது பேசவில்லை.

ஒரு தட்டை எடை போட்டேன்

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில். நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை மீனோ கோழியோ உண்டு. மீதி ஆறு நாளும் தென்சென்னைப் புறநகரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கிடைக்கிற சாப்பாடுதான். சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அளந்தேன். புரதத்தின் அளவுகளுக்கு அதே நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைகளைப் பயன்படுத்தினேன். 100 கிராமுக்கு அரிசியில் ஏறக்குறைய 8 கிராம் புரதம். துவரம் பருப்பில் 21.7, உளுத்தம் பருப்பில் 23, வேர்க்கடலையில் 23.6, பசும்பாலில் 3.3.

என்னுடைய சாதாரண நாள் ஒன்று:

காலையில் 4 இட்லி. உலர்ந்த கணக்கில் 64 கிராம் அரிசி, 16 கிராம் உளுந்து. புரதம் 8.8 கிராம். தொட்டுக்கொள்ளும் சாம்பாரில் 10 கிராம் துவரம் பருப்பு, 2.2 கிராம்.

மத்தியானம் 120 கிராம் அரிசிச் சோறு, 9.5 கிராம். சாம்பாரில் 15 கிராம் பருப்பு, 3.3 கிராம். பொரியல் 2 கிராம். தயிர் 3 கிராம். ரசம்? ரசத்தில் இருப்பது வாசனைதான்.

இரண்டு வேளை காபி, டீக்கு 100 மில்லி பால், 3.2 கிராம். சாயங்காலம் நாலு பிஸ்கெட், 2 கிராம்.

ராத்திரி 3 தோசை. மாவின் அளவு காலையில் போலவே, 8.8 கிராம்.

கூட்டினால் ஏறக்குறைய 43 கிராம்.

இது போதுமா, போதாதா? என் எடையை 65 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020ல் ஐ.சி.எம்.ஆர். நிர்ணயித்த சராசரித் தேவை கிலோவுக்கு 0.66 கிராம், எனக்கு 43. பரிந்துரைக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 0.83 கிராம், எனக்கு 54. முதல் எண் மக்கள்தொகையில் பாதிப் பேருக்குப் போதும், மீதிப் பாதிக்குப் போதாது. இரண்டாவது எண் அநேகமாக எல்லோருக்கும் போதும். நான் எந்தப் பாதி என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆக என் தட்டு சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறது. பயப்படும்படி ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருக்கும்படியும் இல்லை.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அரிசி மொத்தம் 248 கிராம். வழிகாட்டி சொல்லும் 250க்கு அச்சாகப் பொருந்துகிறது. பருப்பு மொத்தம் 57 கிராம். வழிகாட்டி கேட்பது 85. குறை முழுக்கப் பருப்புப் பக்கம், கொஞ்சம் பால் பக்கம்.

இரண்டு, அந்த 57 கிராமில் சாம்பார் தந்தது 25 மட்டுமே. இட்லி, தோசை மாவில் இருந்த உளுந்து 32. "நாங்கதான் தினமும் சாம்பார் சாப்பிடறோமே" என்று சொல்கிற வீட்டிலும் பருப்பில் பெரும்பங்கு வருவது மாவிலிருந்து. நாலு பேருக்கு ஒரு நாள் முழுக்க ஓடும் சாம்பாருக்கு நாம் போடுவது அரை டம்ளருக்குச் சற்று மேல், சுமார் 100 கிராம் பருப்பு. மீதி புளித்தண்ணீரும் காயும்.

நாலுக்கு ஒன்று ஏன் வேலை செய்கிறது

புரதம் ஒரே பொருள் இல்லை. அமினோ அமிலங்களால் ஆன கோவை அது. அதில் சிலவற்றை உடம்பு தானே செய்துகொள்ளாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அரிசிப் புரதத்தில் குறைவாக இருப்பது லைசின். ஒரு கிராம் புரதத்தில் 36 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். பெரியவர்களுக்குத் தேவை கிராமுக்கு 45 என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து 2007ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பருப்புகளில் இது 65 முதல் 70 வரை. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் பள்ளத்தை இன்னொன்று நிரப்பும். இதுவரை பள்ளிப் பாடத்திலேயே உண்டு. எவ்வளவுக்கு எவ்வளவு கலந்தால் பள்ளம் நிரம்பும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதனால் நானே கணக்குப் போட்டேன். பருப்புக்கு 68 என்று எடுத்துக்கொண்டேன். செரிமானத்தில் வீணாவதைச் சேர்க்கவில்லை, எனவே இது சற்றுத் தாராளமான கணக்கு.

அரிசியும் உளுந்தும் எடையில் நாலுக்கு ஒன்று: கலவையில் ஒரு கிராம் புரதத்துக்கு லைசின் 49. கோட்டுக்கு மேலே.
ஆறுக்கு ஒன்று: 46. இன்னும் மேலேதான்.
எட்டுக்கு ஒன்று: 44 சொச்சம். கீழே இறங்கிவிட்டது.
துவரம் பருப்பானால் ஏழுக்கு ஒன்றிலேயே கோட்டைத் தொட்டுவிடுகிறது.

அதாவது ஏழெட்டுக்கு ஒன்று என்பது எல்லை. அரிசி அதைத் தாண்டினால் புரதத்தின் தரமும் சேர்ந்து சரிகிறது. நம் இட்லி மாவு அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் வசதியாக நிற்கிறது. முன்னோர்கள் லைசினைக் கண்டுபிடித்தார்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. மாவு பொங்கணும், இட்லி பூப்போல வரணும் என்பதற்காக வந்த அளவு அது. காரணம் எதுவானாலும் பலன் நமக்கு.

ரேஷன் கடையின் விகிதம்

இப்போது வீட்டைவிட்டு வெளியே வருவோம். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி. 2011 ஜூன் முதல் அது இலவசம். 2007ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு, 30 ரூபாய்க்கு. வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய உதவி. பருப்பைச் சலுகை விலையில் தொடர்ந்து தரும் மாநிலங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் கணக்குக் கணக்குதான். 20 கிலோ அரிசி நாலு பேருக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 167 கிராம். ஒரு கிலோ பருப்பு, ஆளுக்கு 8 கிராம் சொச்சம். வழிகாட்டி கேட்பது 85, கடை தருவது அதில் பத்தில் ஒரு பங்கு. விகிதம் இருபதுக்கு ஒன்று. என் கணக்கில் அந்தக் கலவையின் லைசின் 40. எல்லைக்கு வெகு கீழே.

யாரும் ரேஷன் பொருளை மட்டும் சாப்பிட்டு வாழ்வதில்லை, மீதிப் பருப்பை வெளியில் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லலாம். சண்முகம் சாலை மளிகைக் கடைகளில் வாங்குகிறவர்களை நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். அரிசி வீட்டில் இருக்கும் தைரியத்தில், கையில் இருக்கிற காசு எண்ணெய்க்கும் காய்க்கும் போகிறது. பருப்பு கால் கிலோ, அரைக் கிலோவாகத்தான் பொட்டலமாகிறது. இலவசமாக வருவது வயிற்றை நிரப்பும், விலை கொடுத்து வாங்குவது அதை ஒட்டி நிற்கும். விகிதத்தை வீட்டுக்காரர் மட்டும் தீர்மானிப்பதில்லை.

அதே அரசு இன்னொரு இடத்தில் சரியான விகிதத்தை வைத்திருக்கிறது. பள்ளி மதிய உணவுக்கான தேசிய அளவுகோலில், தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 12 கிராம் புரதம். ஐந்துக்கு ஒன்று. தமிழ்நாட்டுச் சத்துணவில் அதற்கு மேல் முட்டையும் உண்டு. 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, படிப்படியாக ஏறி 2010ல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் என்றானது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், லைசின் நிறைய. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். வாழைப்பழத்தில் ஒரு கிராம் சொச்சம்தான் புரதம், முட்டைக்கு அது ஈடில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு கை சுண்டல் கொடுத்திருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும். வாரத்தில் சுண்டலும் பாசிப்பயறும் மெனுவில் ஏற்கெனவே இருப்பதால் இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை.

ஆகப் பள்ளித் தட்டு ஐந்துக்கு ஒன்று, மேலே முட்டை. அதே பிள்ளையின் வீட்டுக்குப் போகும் பை இருபதுக்கு ஒன்று. உணவு வழிகாட்டி எழுதும் ஒரு தேசிய நிறுவனம் பேச வேண்டிய இடம் இது. "பருப்பை அதிகம் சாப்பிடுங்கள்" என்று தனிமனிதனைப் பார்த்துச் சொல்வது எளிது. பொது விநியோகத்தில் அரிசி கோதுமைக்குத் தரும் இடத்தில் எவ்வளவு பருப்புக்குத் தர வேண்டும் என்று அரசைப் பார்த்துச் சொல்வதுதான் கடினம். வழிகாட்டியின் குரல் பெரும்பாலும் முதல் பக்கமே திரும்பியிருக்கிறது.

சோற்றைக் குறைத்தோம், அப்புறம்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். அதைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், இதே ஐதராபாத் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 1960களில் உலகம் முழுக்க "புரதப் பஞ்சம்" என்ற பேச்சு. கடலை மாவு, மீன் மாவு, புரதம் ஏற்றிய கலவைகள் என்று ஐ.நா. அமைப்புகள் வரை முனைந்து நின்றன. மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. வேர்க்கடலை மாவும் கடலை மாவும் கலந்து பல்நோக்கு உணவு செய்தது. அப்போது கோபாலனும் அவர் சகாக்களும், இந்தியக் குழந்தை தன் வழக்கமான தானியமும் பருப்பும் கலந்த சாப்பாட்டையே வயிறு நிறையச் சாப்பிட்டால் புரதம் தானாகக் கிடைத்துவிடும், குறைவது மொத்தச் சாப்பாடுதான் என்று காட்டினார்கள். 1974ல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் அந்தப் புரதப் பேச்சு முழுவதையும் பெரும் கூத்து என்றே எழுதினார். இன்று சூப்பர் மார்க்கெட் அலமாரியைப் பார்க்கும்போது அந்தப் பழைய கூத்தின் இரண்டாம் ஆட்டம் போலத்தான் இருக்கிறது.

கோபாலன் சொன்னது சரி. ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு: "வயிறு நிறைய". வயலில் இறங்கி வேலை செய்தவர் ஒரு நாளைக்கு அரைக் கிலோ அரிசி சாப்பிட்டார். அதிலேயே 40 கிராம் புரதம் வந்துவிட்டது. சிறுசேரியிலோ சானடோரியம் மெப்ஸிலோ எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரும் எனக்கு 250 கிராமே அதிகம். அதில் 20 கிராம்தான் புரதம். உடம்பின் எடை அதேதான், புரதத் தேவையும் அதேதான். சக்தித் தேவை மட்டும் குறைந்துவிட்டது. குறைந்த சாப்பாட்டுக்குள் அதே புரதம் வர வேண்டுமென்றால் விகிதம் மாறியே ஆக வேண்டும்.

இப்போது இதன் மேல் சர்க்கரை நோயை வையுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய என் நண்பர்கள் வட்டத்தில் முதலில் விழும் அறிவுரை, "ரைஸைக் கட் பண்ணுங்க". கட் பண்ணுகிறார்கள். ராத்திரிச் சோறு போய் இரண்டு சப்பாத்தி வருகிறது, அல்லது வெள்ளரிக்காய் வருகிறது. பருப்பு அங்கேயே நிற்கிறது. ஏனென்றால் நம் ஊரில் பருப்பு தனியாக வருவதில்லை. சோற்றின் மேல் ஊற்றப்படுவது அது. சோறு குறைந்தால் சாம்பாரும் சேர்ந்து குறைகிறது. அரிசியைக் குறைத்த வீடுகளில் பருப்பைக் கூட்டிய வீடு எது என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் அதிகம் இழப்பது வயதானவர்கள். என் அம்மாவுக்கு 74 வயது, 50 கிலோ. "ராத்திரி ரெண்டு இட்லி போதும்டா, அதுக்கு மேல இறங்கல" என்பார். காலையில் 3 இட்லி, மத்தியானம் ஒரு கை சோறு, இரண்டு வேளை காபி, தயிர். அவர் தட்டைக் கூட்டினால் 31 கிராம். ஐ.சி.எம்.ஆர். அளவுப்படி வேண்டியது 41.5. முதுமையில் தசை கரைவதைத் தடுக்கக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. அப்படிப் பார்த்தால் 50 முதல் 60. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பதும், ஸ்டேஷன் படிக்கட்டு ஏறுவதும், பாத்ரூமில் சறுக்கினால் சமாளித்து நிற்பதும் தொடைத் தசையின் வேலை. என் தட்டு கோட்டின் மேல் நிற்கிறது, அம்மாவின் தட்டு கோட்டுக்குக் கீழே. இருவரும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் சாப்பிடுகிறோம்.

இந்த ஒரே பாத்திர விஷயமும் வழிகாட்டியில் விட்டுப்போன ஒன்று. தட்டு என்பது தனி ஆளுக்கான படம். வீடுகளில் சாம்பார் தட்டில் பிறப்பதில்லை, பாத்திரத்தில் பிறக்கிறது. முதலில் சாப்பிடுகிறவருக்கு அடியிலிருந்து கலக்கி ஊற்றுவார்கள். கடைசியில் சாப்பிடுகிறவருக்கு மிஞ்சியது வரும், வெந்நீர் விட்டு நீட்டியது வரும். கடைசியில் சாப்பிடுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"புரோட்டீன்" என்று எழுதிய பாக்கெட்

மக்கள் கடைசியில் போய் நிற்கிற இடத்தையும் பார்த்துவிடுவோம். வேளச்சேரி, மேடவாக்கம், தாம்பரம் என்று எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் புரோட்டீன் பிஸ்கெட், புரோட்டீன் பிரெட், புரோட்டீன் பார், புரோட்டீன் தோசை மாவு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விளம்பர விதிப்படி, திட உணவில் 100 கிராமுக்கு அன்றாடத் தேவையில் 10 சதவீதம் புரதம் இருந்தால் "புரதம் தருவது" என்று போட்டுக்கொள்ளலாம். 20 சதவீதம் இருந்தால் "புரதம் நிறைந்தது". தேவை 54 கிராம் என்று வைத்தால் முதலாவதற்கு 5.4 கிராம், இரண்டாவதற்கு 10.8 கிராம்.

இப்போது அட்டவணைக்குத் திரும்புங்கள். வெறும் அரிசியில் 8 கிராம். அதாவது இந்த அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால் அரிசி மூட்டையிலேயே "புரதம் தருவது" என்று அச்சடிக்கலாம். கோதுமை மாவு 10.6 கிராமோடு இரண்டாவது பட்டத்துக்கு மயிரிழை தூரத்தில் நிற்கிறது. அட்டையில் பெரிய எழுத்து, உள்ளே சாதாரண தானியம் என்பது விதியை மீறாமலேயே சாத்தியம். எனவே முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். பின்பக்கத்தில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் ஒரு தடவைக்கு நீங்கள் சாப்பிடப்போவது 100 கிராமா, இரண்டே பிஸ்கெட்டா என்று பாருங்கள்.

விலையையும் போட்டுவிடலாம். துவரம் பருப்பு கிலோ 150 ரூபாய் என்றால் ஒரு கிராம் புரதம் 70 காசு. முட்டை ஆறேழு ரூபாய் என்றால் ஒரு ரூபாய்க்குச் சற்று மேலே. 20 கிராம் புரதம் உள்ள பார் நூறு ரூபாய் என்றால் ஐந்து ரூபாய். வழிகாட்டி பவுடர் வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் "வேண்டாம்" என்பது தலைப்புச் செய்தியானதும், "அதற்குப் பதில் 85 கிராம் பருப்பு" என்ற அதன் அடுத்த பாதி காணாமல் போய்விட்டது.

அரை டம்ளரை ஒரு டம்ளராக்குவது

கிராமில் எழுதப்பட்ட வழிகாட்டியை நம் பாத்திரத்துக்கு மொழிபெயர்த்தால் இப்படி வருகிறது. எங்கள் வீட்டில் இப்போது இதுதான் நடைமுறை.

சாம்பாருக்கு அரை டம்ளர் பருப்புக்குப் பதில் ஏறக்குறைய ஒரு டம்ளர், 160 கிராம். ஆளுக்கு 25 கிராம் என்பது 40 ஆகிறது. கூடுவது 3.3 கிராம் புரதம். சாம்பார் கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான்.

சாயங்கால பிஸ்கெட்டுக்குப் பதில் சுண்டல். 30 கிராம் கொண்டைக்கடலையில் 5.6. பிஸ்கெட்டின் 2 கிராமைக் கழித்தால் நிகரம் 3.6.

தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வேர்க்கடலைச் சட்னி. ஆளுக்கு 20 கிராம் கடலை, 4.7.

இந்த மூன்றும் சேர்ந்தால் என் 43 என்பது 54.5 ஆகிறது. பருப்பு 102 கிராம், கடலை தனி. வழிகாட்டியின் 85ஐவிடப் பருப்பு அதிகம்தான். அது சொல்லும் 300 மில்லி பாலை நாங்கள் தொடுவதில்லை என்பதால் அந்தப் பள்ளத்தைப் பருப்பு நிரப்புகிறது. 2020 அறிக்கை தரமான புரதத்துக்குத் தானியம், பயறு, பால் 3:1:2.5 என்று சொல்வதும் இதைத்தான். பாலை எடுத்தால் பயறு ஏற வேண்டும்.

அடையைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். அரிசியும் பருப்பும் சரிபாதி போட்ட அடை, 80 கிராம் மாவில் 12 கிராம் புரதம். அதே எடைத் தோசையில் 8.8. வித்தியாசம் 3 கிராம்தான், அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அரிசி 24 கிராம் குறைகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுதான் லாபம்.

அம்மாவுக்கு இவை அப்படியே ஒத்துவராது. சுண்டலைக் கடிக்கப் பல் வேண்டும். "வாயு புடிச்சிக்கும்" என்ற பயமும் உண்டு. அது வெறும் பயமில்லை, திடீரென்று கூட்டினால் நிஜமாகவே பிடிக்கும். முட்டையை அவர் விட்டுப் பல வருஷம் ஆகிறது. அவருக்கு ராத்திரி இட்லியோடு குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, பெருங்காயம் இஞ்சி போட்டு, 25 கிராம். 6 கிராம் புரதம். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், 6 கிராம். 31 என்பது 43 ஆயிற்று. நிபுணர் குழுவின் 50க்கு இன்னும் தூரம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கணக்கில் இறங்க வேண்டாம்.

சுண்டலுக்கு முந்தின ராத்திரி ஊறவைக்க வேண்டும், கடலையை வறுக்க வேண்டும், இன்னொரு குக்கர் வைக்க வேண்டும். இது எல்லாமே யாரோ ஒருவரின் வேலை நேரம். "வீட்டிலேயே செய்து சாப்பிடுங்கள்" என்று முடிக்கும் எந்த அறிவுரையும் அந்த நேரத்தை யார் தலையில் கட்டுகிறது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஊறவைப்பதும் சுண்டல் தாளிப்பதும் என் பொறுப்பு. ஐந்து மணிக்கு ஒரு மீட்டிங் இருந்தால் நாலரைக்கே குக்கர் சத்தம் கேட்கும்.

இந்த நிறுவனத்தின் வேர் ஐதராபாத்தில் இல்லை, நம் குன்னூரில். 1918ல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து 1958ல் ஐதராபாத்துக்குப் போனது. மெக்காரிசன் 1920களில் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சப்பாத்தி, பால், பருப்பு, காய் என்று இருந்த சீக்கியர் சாப்பாட்டில் எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை நம்பியிருந்த மதராஸ் சாப்பாடு பட்டியலில் கடைசிக்கு வந்தது. அதில் புரதம் மட்டும் காரணமில்லை. வைட்டமினும் பாலும் காரணம். ஆனாலும் தட்டில் அரிசி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. நூறு வருஷம் கழித்து அதே நிறுவனம் 250க்கு 85 என்று எண்ணாகவே எழுதிக் கொடுத்திருக்கிறது. அடுத்த திருத்தத்தில் அந்த எண்ணை ரேஷன் கடைக்கும் சேர்த்து எழுத வேண்டும். மாதம் ஒரு கிலோ பருப்பு இரண்டு கிலோவானால் விகிதம் பத்துக்கு ஒன்று. அப்போதும் எல்லையைத் தொடாது, ஆனால் வெளியில் வாங்கும் அரைக் கிலோ, ஒரு கிலோவில் தொட்டுவிடும் தூரத்துக்கு வந்துவிடும்.

உங்கள் வீட்டு சாம்பாருக்கு எத்தனை பேருக்கு எத்தனை டம்ளர் பருப்பு போடுகிறார்கள் என்று ஒரு நாள் எடை போட்டு எழுதி அனுப்புங்கள். இட்லி மாவின் விகிதத்தையும் சேர்த்து. போதிய வீடுகளின் கணக்குச் சேர்ந்தால் தாம்பரம் பக்கத்து வீடுகளின் விகிதத்தைத் தனியாக ஒரு குறிப்பாகப் போடுகிறேன்.